இலவச இடம் மட்டும் போதாது

நியூயார்க் நகரம் 2014-இல் நான்கு வயதுக் குழந்தைகள் அனைவருக்கும் முழுநாள் மழலையர் கல்வியை இலவசமாக்கியது. ‘ப்ரீ-கே’ என்று அங்கே சொல்லப்படும் இந்த வகுப்புகள், அப்போதைய மேயர் பில் டி பிளாசியோவின் முதன்மையான தேர்தல் வாக்குறுதி. சுமார் 20 ஆயிரமாக இருந்த முழுநாள் இடங்கள் இரண்டே கல்வியாண்டுகளில் 65 ஆயிரத்தைத் தாண்டின. ஓர் அரசு மனம் வைத்தால் எவ்வளவு விரைவாகச் செயல்பட முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதோடு கணக்கை முடித்துவிட முடியாது. யார் யாரோடு உட்கார்ந்து படிக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஆறில் ஒரு ப்ரீ-கே வகுப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஒரே இனத்தவர் என்று செஞ்சுரி ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு அமைப்பு 2016-இல் சுட்டிக்காட்டியது. அடுத்த நிலையான கிண்டர்கார்டனில்கூட இந்த அளவு எட்டில் ஒன்றுதான்.

இதற்கு யாருடைய வெறுப்பும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. சேர்க்கை விதிகளே போதும். பெற்றோர் விண்ணப்பத்தில் 12 இடங்கள் வரை வரிசைப்படுத்தலாம். ஆனால் அரசுப் பள்ளிகளில், அந்தந்தப் பள்ளி எல்லைக்குள் வசிப்பவர்களுக்கும் ஏற்கெனவே படிப்பவர்களின் தம்பி தங்கைகளுக்கும் முன்னுரிமை கிடைக்கிறது. எந்தத் தெருவில் யார் குடியிருக்கலாம் என்பதை வீட்டு வாடகை தீர்மானிக்கும் ஊரில், அதே பிரிவினை வகுப்பறைக்கும் வந்துவிடுகிறது. 1965 முதல் நடக்கும் ‘ஹெட் ஸ்டார்ட்’ திட்டம் ஏழைக் குடும்பங்களுக்கென்றே உருவானது. அதன் சேவை பெரியது. எனினும், வருமான வரம்பை வைத்தே சேர்க்கும்போது ஏழைக் குழந்தைகள் மட்டுமே இருக்கும் வகுப்புகள் உருவாகின்றன.

கலந்து படிப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு, ஆய்வாளர்கள் ஜீன் ரீட், டக்ளஸ் ரெடி இருவரும் 11 அமெரிக்க மாநிலங்களின் தரவுகளைக் கொண்டு 2013-இல் வெளியிட்ட ஆய்வு விடை தருகிறது. வசதியான குழந்தைகளும் இருந்த வகுப்புகளில் எல்லாக் குழந்தைகளின் மொழித்திறனும் கணக்குத்திறனும் கூடுதலாக வளர்ந்திருந்தன. இதில் வியப்பில்லை. நான்கு வயதில் பிள்ளைகள் ஆசிரியரிடம் கற்பதற்குக் குறையாமல், கட்டைகளை அடுக்கியபடி பக்கத்தில் வாய் ஓயாமல் பேசும் தோழனிடமும் கற்கிறார்கள். பிரிவினையால் மனத்தில் படியும் பாடமும் உண்டு. உளவியலாளர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி கறுப்பு, வெள்ளைப் பொம்மைகளைக் காட்டிக் கேட்டபோது, கறுப்பினக் குழந்தைகளில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே நல்லதென்றார்கள். அவர்களின் வயது மூன்று முதல் ஏழு வரை. பள்ளிகளில் இனப்பிரிவினையைத் தடைசெய்த அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1954 தீர்ப்பு கென்னத் கிளார்க்கின் ஆய்வையும் மேற்கோள் காட்டியது.

சின்னஞ்சிறுசுகளைத் தொலைதூரம் அனுப்ப முடியாது என்பது நியாயமான கவலை. ஆனால் நியூயார்க்கில் சில தெருக்கள் தள்ளி முற்றிலும் வேறு வகையான குடும்பங்கள் வாழும் பகுதிகள் பல உண்டு; நடந்து போகும் தூரத்திலேயே கலப்பு சாத்தியம். ஆங்கிலம் அல்லாத வீட்டுமொழியில் நடக்கும் வகுப்புகள் கலப்பால் கெடும் என்ற அச்சமும் வேண்டாம். இருமொழி வகுப்பு இரு தரப்புப் பிள்ளைகளையும் ஈர்க்கும். தனிப்பட்ட மாணவரின் இனத்தைப் பார்த்து இடம் ஒதுக்குவதை உச்ச நீதிமன்றம் 2007-இல் கட்டுப்படுத்தியது உண்மைதான். வருமானத்தையும் வீட்டுமொழியையும் பார்ப்பதை அது தடுக்கவில்லை. அந்த வழியில் இடம் ஒதுக்க, விருப்பம் தெரிவித்த சில பள்ளிகளுக்கு நகரம் 2015-இல் அனுமதியும் தந்தது. பள்ளித் தலைவர்களின் விருப்பத்துக்கு விடாமல், விண்ணப்பங்கள் குவியும் ஒவ்வொரு ப்ரீ-கே பள்ளியிலும் ஒரு பங்கு இடத்தைக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ஒதுக்குவதை நகரம் கட்டாயமாக்க வேண்டும்.