ஊசி போட்டு இளைத்தால் குற்றமா?

சென்ற ஆண்டு, 2025 நவராத்திரியில், லேக் மார்க்கெட்டுக்கு அருகே நமக்கு வேண்டிய ஒரு குடும்பத்தின் கொலுவுக்கு நானும் என் மனைவியும் போயிருந்தோம். சுண்டல் கிண்ணத்தோடு நாலைந்து பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, தெரிந்த வீட்டுப் பெண் ஒருத்தி வந்தாள். நாற்பது வயதைக் கடந்தவள், இரண்டு குழந்தைகளுக்குத் தாய், சில வருஷங்களாகவே சர்க்கரை உண்டு. 92 கிலோ இருந்தவள் 11 கிலோ குறைந்திருந்தாள். "அடையாளமே தெரியலையே!" என்று வியந்த ஒரு மாமி, அவள் கொலுப்படி பக்கம் நகர்ந்ததும் குரலைத் தாழ்த்தி, "ஊசியாம்" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "நாமெல்லாம் லேக்கைச் சுற்றிச் சுற்றிச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். காசிருந்தால் கொழுப்பும் தானாகக் கரைகிறது" என்று சொல்லிவைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அது அவள் காதிலும் விழுந்திருக்கிறது என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அவள் டாக்டரைக்கூடக் கேளாமல் ஊசியை நிறுத்திவிட்டாள். பொங்கலுக்குள் 5 கிலோ திரும்பிவிட்டது. கட்டுக்குள் வந்திருந்த சர்க்கரையும் மறுபடி ஏறிவிட்டது. இந்தக் கட்டுரையை அந்த ஒரு வார்த்தைக்கு நான் கட்டும் அபராதம் என்றே அன்பர்கள் வைத்துக்கொள்ளலாம்.

நான் டாக்டரல்ல. ஆனால் கேலி பேசிய விஷயத்தைப் பற்றிக் கொஞ்சமாவது படித்துத் தெரிந்துகொள்வது கடமை என்று தோன்றியது. சாப்பாடு குடலுக்குள் இறங்கியதும் குடலே ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது, இரைப்பை மெதுவாகக் காலியாகும்படி பார்த்துக்கொள்கிறது, மூளைக்குப் "போதும்" என்று சேதி அனுப்புகிறது. இயற்கையில் சில நிமிஷங்களிலேயே அது சிதைந்துவிடும். அதே வேலையை ஒரு வாரம் முழுவதும் செய்யும்படி உருவாக்கிய மருந்துதான் செமாக்ளூடைட். வீகோவி, ஓசெம்பிக் என்ற பெயர்களில் வருவது அதுவே. மௌஞ்சாரோ என்பது டிர்செபடைட். அது இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. இந்த வரிசையில் முதலில் வந்த மருந்துக்கு மூலம், அமெரிக்கப் பாலைவனத்துப் பல்லி ஒன்றின் விஷம். 1992இல் ஜான் எங் என்ற டாக்டர் அதில் கண்டுபிடித்த பொருளிலிருந்து பிறந்த ஊசி, 2005இல் சர்க்கரை நோய்க்கென அங்கே அனுமதி பெற்றது. பல்லி விழுந்த பலன் பார்க்கும் நமக்கு இது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

பலன் எவ்வளவு? 2021இல் வெளியான ஆய்வில், செமாக்ளூடைட் போட்டுக்கொண்டவர்கள் 68 வாரங்களில் சராசரியாக உடல் எடையில் 14.9 சதவீதம் குறைந்தார்கள். வெறும் உப்பு ஊசி போலப் போலி மருந்து போட்டுக்கொண்டவர்கள் 2.4 சதவீதம்தான் குறைந்தார்கள். உணவு ஆலோசனையும் நடைப் பயிற்சியும் இரு சாராருக்கும் ஒன்றுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். மன உறுதி இருந்தால் யாரும் இளைக்கலாம் என்று நாற்பது வருஷமாகச் சொல்லிவந்த எனக்கு இந்த இரண்டு எண்களும் சுருக்கென்று தைத்தன. பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால், உடம்பு பசியைக் கூட்டியும் செலவைக் குறைத்தும் இழந்ததை மீட்கப் பார்க்கிறது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவரிடம் "உனக்கு மன உறுதி போதாது" என்று நாம் சொல்வதில்லையே!

நம்மவர்களில் பலர், இந்த ஊருக்கு வந்துதான் உடம்பு பெருத்தது, சந்தேஷும் மிஷ்டி தோயும் லுச்சியும் செய்த வேலை என்று சொல்வதுண்டு. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு வேறு கதை சொல்கிறது. அதிக எடையுள்ள பெண்கள் மேற்கு வங்காளத்தில் 22.7 சதவீதம், தமிழ்நாட்டில் 40.4 சதவீதம். ஆண்கள் இங்கே 16.2, அங்கே 37. ரசகுல்லா மீது பழி போட்டது போதும். டல்ஹௌசி ஸ்கொயர் ஆபீஸ்களுக்குக் கணக்கெழுதவும் டைப் அடிக்கவும் சுருக்கெழுத்துக்கும் வந்த நம் முன்னோர் காலத்திலிருந்து, நாம் உட்கார்ந்து சம்பாதிப்பவர்கள். சாப்பிடுவதோ வயலில் உழுதவர்களின் சாப்பாடு.

இவ்வளவும் சொன்னதால், எல்லோரும் ஊசிக்கு ஓடுங்கள் என்று சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். என் கவலை இப்போது மறுபக்கம்தான் அதிகம். அண்மையில் ஒரு தாயார், "பெண்ணுக்கு வைகாசியில் கல்யாணம், அந்த ஊசி எங்கே கிடைக்கும்?" என்று போனில் கேட்டார். பெண் 61 கிலோ, உயரம் 162 சென்டிமீட்டர். எடையை உயரத்தோடு ஒப்பிடும் பி.எம்.ஐ. கணக்கில் 30க்கு மேல் இருப்பவர்களுக்கு, அல்லது 27க்கு மேல் இருந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற உபாதை உள்ளவர்களுக்குத்தான் எடைக்கென்று இந்த ஊசி. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 27 என்பது ஏறக்குறைய 69 கிலோ, 30 என்பது 77 கிலோ. அந்தப் பெண்ணின் கணக்கு 23தான் வருகிறது. தவிர, கர்ப்பமாக எண்ணினால் இரண்டு மாதம் முன்பே செமாக்ளூடைட்டை நிறுத்திவிட வேண்டும். முகூர்த்தப் புடவை அழகாக நிற்பதற்காக இதில் இறங்குவதா? அம்மாவுக்கு என்மேல் வருத்தம், இருக்கட்டும்.

ஊசி என்றால் ஒரு தவணை போட்டு முடிந்துபோவது என்ற எண்ணமும் நம்மிடம் இருக்கிறது. மேற்சொன்ன ஆய்வில் மருந்தை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வருஷத்தில் திரும்பிவிட்டது. தைராய்டு மாத்திரை போல நெடுநாள் மருந்து என்று நினைத்தே தொடங்க வேண்டும். அப்படியானால் செலவு? 2025 மார்ச்சில் மௌஞ்சாரோ இந்தியாவுக்கு வந்தபோது வாரத்துக்கு ஒன்றாகப் போடும் குப்பி, அளவைப் பொறுத்து 3,500 ரூபாயும் 4,375 ரூபாயும். வீகோவி அதே ஆண்டு ஜூனில் மாதம் 17,345 ரூபாயில் தொடங்கி, நவம்பரில் ஆரம்ப அளவு 10,850 ரூபாய்க்கு இறங்கியது. 2026 மார்ச்சில் செமாக்ளூடைட்டின் காப்புரிமை இங்கே முடிந்ததால், உள்நாட்டுக் கம்பெனிகளும் தயாரிக்க வழி திறந்தது. விலை இறங்குவது நல்லதுதான். கூடவே, யார் வேண்டுமானாலும் வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஆசையும் வளரும்.

குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் இவை பலருக்கு வரும். அதனால்தான் செமாக்ளூடைட்டை 0.25 மில்லிகிராமில் தொடங்கி மாதாமாதம் ஏற்றுகிறார்கள். பித்தப்பைக் கல்லும் சிலருக்குக் கணைய அழற்சியும் வருவதுண்டு. குடும்பத்தில் ஒருவகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் கூடவே கூடாது. கொழுப்போடு தசையும் கரையும் என்பதை நம் வீடுகளில் யாரும் யோசிப்பதில்லை. பசி குறைந்த மாமி ஒருவர் இரண்டு இட்லியும் ஒரு டம்ளர் காபியுமாக நாளைக் கழித்தால் எடை குறையும், மாடிப்படி ஏறக் காலில் வலுவும் குறையும். பருப்பு, தயிர், முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு முட்டை, இல்லாவிட்டால் இந்த ஊர்க்காரர்களின் சர்க்கரை சேர்க்காத சானா, இவை தட்டில் முதலில் வர வேண்டும். மருந்தையும் 2 முதல் 8 டிகிரிக்குள் பிரிட்ஜில் வைக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து பெட்டியில் கொண்டுவந்தது, தெரிந்தவர் மூலம் மலிவாகக் கிடைத்தது என்றெல்லாம் வாங்கக் கூடாது. போலி ஓசெம்பிக் நடமாடுவதாக உலக சுகாதார நிறுவனமே 2024 ஜூனில் எச்சரித்தது.

ஒளித்துப் போட்டுக்கொள்வதால்தான் இந்தத் தவறுகளில் பாதி நடக்கிறது என்பது என் அபிப்பிராயம். கேலிக்குப் பயந்தவர்கள் டாக்டரிடம் போவதற்குப் பதில் மறைவாக வாங்குகிறார்கள், வாந்தி வந்தாலும் வெளியே சொல்வதில்லை, பயந்து நிறுத்தியும் விடுகிறார்கள். அந்தக் கேலியில் எனக்கும் பங்கு உண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை லேக் மார்க்கெட்டில் வாழைப்பூ வாங்கும்போது அவளைப் பார்த்தேன். மறுபடி டாக்டரிடம் போய், ஆரம்ப அளவிலிருந்தே தொடங்கியிருக்கிறாளாம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அன்னிக்கு வார்த்தை தப்பாப் போயிடுத்தும்மா" என்றேன்.

"விடுங்கோ மாமா. இந்த வருஷமும் கொலுவுக்கு வருவேன். ஆனா பாயசம் ஒரு கரண்டிதான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு ஊத்த வேண்டாம்னு எல்லார்கிட்டயும் முன்னாடியே சொல்லி வெச்சுடுங்கோ" என்றாள்.

சொல்லிவிட்டேன்.