வட்ஸ்அப்பில் காட்டப்படும் காணி: நமது தரகர்கள் என்ன செய்யலாம்?

கொவிட் பயணக்கட்டுப்பாடு 2021 ஜூன் 21ஆம் திகதி தளர்த்தப்பட்டதும் நமது வட்ஸ்அப் குழுமங்களில் வரிசையாக வந்து விழுந்தவை காணி விளம்பரங்கள்தான். "10 பேர்ச், தெளிவான உறுதி, பள்ளிவாசலுக்கு அருகில்." ஒரு மாதமாக வீட்டில் முடங்கிக் கிடந்த தரகர்களைக் குறை சொல்ல முடியாது. மாதச் சம்பளம் இல்லாத தொழில் அது. உறுதி முடிந்தால்தான் கொமிஷன். 2020 மார்ச்சிலிருந்து பலரது வீட்டில் அடுப்பு எரிந்ததே கடன் வாங்கித்தான்.

ஆனால் காணிக்கான கிராக்கி குறையவில்லை. மத்திய வங்கி 2020 ஜூலையில் வைப்பு வசதி வீதத்தை 4.5 சதவீதத்துக்கும் கடன் வசதி வீதத்தை 5.5 சதவீதத்துக்கும் இறக்கியது. 2021 நடுப்பகுதியில் அந்த வீதங்கள் மாறாமல் இருந்தன. வாகன இறக்குமதியும் அப்போது நிறுத்தப்பட்டிருந்தது. கையில் காசு உள்ளவருக்குக் காணியை விட்டால் போக்கிடம் குறைவாக இருந்தது. ஆகவே வாங்க ஆள் இருந்தார், விற்கவும் ஆள் இருந்தார். இருவரையும் காணியில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் தரகருக்கு முடியாமற் போனது.

அந்த இடத்தைத்தான் வீடியோ பிடித்திருக்கிறது. கட்டாரில் இருப்பவர் கைபேசியிலேயே வீட்டைப் பார்த்து முற்பணம் அனுப்புகிறார். வசதிதான். ஆனால் வெல்லம்பிட்டியில் வெயில் நாளில் எடுத்த வீடியோவில் 2016 மே மாதம் வெள்ளம் ஏறி நின்ற உயரம் தெரியுமா? பாதை உண்மையில் யாருடையது, பக்கத்து மதில் எத்தனை அடி உள்ளே வந்திருக்கிறது என்பதையெல்லாம் கெமரா சொல்லாது. எடுப்பவர் எதைக் காட்ட விரும்புகிறாரோ அதுதான் படத்தில் வரும்.

மார்க்கத்திலும் இது சின்ன விடயமல்ல. நம்மில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, காணாத பொருளின் விற்பனை செல்லாது. ஹனபி மத்ஹபில் செல்லும். ஆனால் பார்த்த பின் மறுக்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. வீடியோ "பார்த்ததாக" ஆகுமா என்பதை உலமாக்கள்தான் சொல்ல வேண்டும். அதுவரை பாதுகாப்பான வழி, ஊரிலுள்ள சகோதரரையோ மச்சானையோ வக்கீலாக நியமித்து அவரை நேரில் பார்க்க வைப்பது. சட்டத்துக்கும் அது பொருந்தும். முறையான அற்றோனித் தத்துவம் இருந்தால் உறுதியிலும் அவரே ஒப்பமிடலாம்.

சட்டம் என்றதும் இன்னொன்று. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், காணி விற்பனை மட்டுமல்ல, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், குறைந்தது இரண்டு சாட்சிகளுடன் எழுத்தில் ஒப்பமிடப்பட வேண்டும். "சரி மச்சான், காசைப் போட்டுட்டேன்" என்ற வட்ஸ்அப் செய்தியை வைத்துக்கொண்டு காணியைக் கேட்க முடியாது. அவசரப்பட்டு முற்பணம் வாங்கிக் கொடுக்கும் தரகர், நாளை தகராறு வந்தால் இரு பக்கத்தாரின் ஏச்சையும் கேட்பவராவார்.

அப்படியானால் தரகர் எப்படிப் பிழைப்பது? என் பார்வையில், அலைவதைக் குறைத்துக் கடதாசி வேலையைக் கூட்ட வேண்டும். விளம்பரம் போடுமுன் உறுதியின் பிரதி, நில அளவைப் படம், காணிப் பதிவகத்தின் பதிவேட்டுப் பிரதி மூன்றையும் எடுத்து வைத்திருப்பவரிடம் இன்று ஆட்கள் தாமாக வருவார்கள். இந்த ஓட்டமே ஒரு சேவை. அதற்குத் தனியாகக் கூலி கேட்பதில் வெட்கமில்லை. வெளிநாட்டில் உள்ளவர்களின் வீடுகளைப் பார்த்து, வாடகை சேர்த்து, திருத்த வேலை செய்வித்துக் கொடுப்பதிலும் மாதாந்த வருமானம் உண்டு.

கொமிஷனையும் எழுத்தில் எடுக்கப் பழக வேண்டும். வீடியோ காட்டியதும் விற்பவரும் வாங்குபவரும் நேரடியாகப் பேசி முடித்து, தரகரைக் கழற்றிவிடும் கதை இப்போது அதிகம். தொழுகைக்கு முதல் ஸஃப்பில் நிற்கும் நம்மவர்களும் இதைச் செய்கிறார்கள் என்பதுதான் வேதனை. உழைத்தவனின் கூலியைப் பிடித்து வைப்பது தரகருக்கு மட்டும் ஹலாலாகிவிடாது.

தரகர்களும் ஒன்றை யோசிக்க வேண்டும். 2019 ஏப்ரலுக்குப் பின் முஸ்லிம் பெயரைக் கேட்டதும் வாடகை வீட்டுக் கதவைச் சாத்தியவர்கள் இருந்தார்கள். கொவிட்டோடு அக்குறணையும் அட்டுலுகமவும் முடக்கப்பட்டபோது அந்தப் பார்வை இன்னும் மோசமானது. வீடு கிடைக்காமல் அலையும் குடும்பத்துக்கு அந்த நேரத்தில் தரகர்தான் கடைசி ஆள். அவர்களின் அவசரத்தைக் கண்டு வாடகையை உயர்த்திச் சொல்லும் சிலரும் நமக்குள்ளேயே இருக்கிறார்கள். இவர்களைக் கேள்வி கேட்க ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்தை விட்டால் வேறு யாருமில்லை.