ஆல் பாஸ் ஆனவங்க எல்லாரும் திரும்பி வந்தாங்களா?

சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துல ஆரம்பிச்சு பிளேஸ்மென்ட் இன்டர்வியூ வரைக்கும் நம்மகிட்ட சொல்றதுக்குன்னே ஒரு ஜோக் இருக்கு. "ஓ, நீங்க கொரோனா பேட்ச்தானே? எழுதாமலே பாஸ் ஆனவங்க!" 2021-ல் பிளஸ் டூ முடிச்ச நமக்கு அது உண்மையும்தான். அந்த வருஷம் ஜூன் 5-ம் தேதி பொதுத்தேர்வு ரத்துன்னு அறிவிப்பு வந்தது. பத்தாம் வகுப்பு மார்க்கிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை மற்றும் உள்மதிப்பீட்டிலிருந்து 30 என்று ஒரு ஃபார்முலா போட்டு மார்க் கொடுத்தார்கள். அந்த மார்க்கை வெச்சுதான் கவுன்சலிங் போனோம், இங்கே வந்து உட்கார்ந்தோம். அதனால் கிண்டல் பண்ணட்டும், பரவாயில்லை.

ஆனா 'எல்லாரும் பாஸ்' என்பதில் அந்த 'எல்லாரும்' யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பள்ளிக்கூடம் திரும்பத் திறந்தபோது அந்த எல்லாரும் வந்தாங்களா? இதை நம்ம கிளாஸ் ரூமிலிருந்து யோசிச்சா பதில் கிடைக்காது. கொஞ்சம் மேலே ஏறணும்.

நாமக்கல்னா நமக்கு ரெண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒன்று முட்டை, இன்னொன்று பிராய்லர் ஸ்கூல். நம்மில் பல பேர் அந்த மாதிரி ஹாஸ்டல் பள்ளிகளில் காலை நாலரை மணிக்கு எழுந்து படிச்சவங்கதான். அதே மாவட்டத்தில்தான் கொல்லிமலை இருக்கு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வருகிற மலை. டூர் போனவங்களுக்கு ஆகாய கங்கை அருவியும் அறப்பளீஸ்வரர் கோயிலும் தெரியும், அன்னாசியும் மிளகும் வாங்கி வந்திருப்பீங்க. அங்கே வாழ்கிற மலையாளி பழங்குடி மக்கள் தங்கள் மலையை நாடு நாடாகப் பிரித்துச் சொல்வார்கள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று 14 நாடுகள். அதில் ஒன்று பைல் நாடு. (மலையாளின்னதும் கேரளான்னு நினைச்சுடாதீங்க. மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள் சொல்வார்கள். பேசுவது தமிழ்தான்.) ஒரு நாடு என்றால் ஒரே இடத்தில் இருக்கிற ஊர் இல்லை. சின்னச் சின்னக் குடியிருப்புகள் சரிவுகளில் சிதறிக் கிடக்கும். மேலே போனால் டவர் கிடைக்கும், வளைவு திரும்பினால் போயிடும்.

இந்த மாதிரி இடத்தில் உயர்நிலைப் பள்ளி என்றால் பல பிள்ளைகளுக்கு அது உண்டு உறைவிடப் பள்ளி. பழங்குடியினர் நலத்துறை நடத்தும் ஜிடிஆர் பள்ளிகள் தமிழ்நாடு முழுக்க முந்நூறுக்கும் மேல் இருக்கு. ஆனால் அதில் பெரும்பாலானவை தொடக்கப் பள்ளிகள். மேலே போகப் போக எண்ணிக்கை குறையும், வீட்டிலிருந்து தூரம் கூடும். அதனால் ஒன்பதாம் வகுப்பு என்பது அங்கே ஒரு பாடப்புத்தகம் மட்டும் இல்லை. ஒரு பெட்டி, ஒரு பாய், மூணு வேளை சாப்பாடு, கூட இருக்கிற பசங்க எல்லாம் சேர்ந்ததுதான் பள்ளிக்கூடம்.

இப்போ பைல் நாட்டில் ஒரு பையனையோ பொண்ணையோ கற்பனை பண்ணிக்கோங்க. பெயர் வேண்டாம். 2020 மார்ச்சில் ஒன்பதாம் வகுப்பு. பள்ளி மூடுது, ஹாஸ்டல் மூடுது, பெட்டியைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போறாங்க. ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாரும் பாஸ். ஜூன் வருது, பத்தாம் வகுப்பு ஆரம்பிக்கணும், பள்ளி இல்லை. கல்வித் தொலைக்காட்சி உண்டு. வாட்ஸ்அப்பில் பாடம் உண்டு, வீட்டில் நல்ல போன் இருந்தால். 2021 ஜனவரி 19-ல் பத்துக்கும் பிளஸ் டூவுக்கும் மட்டும் பள்ளி திறந்தது. பிப்ரவரி 25-ல் ஒன்பது, பத்து, பதினொன்று மூன்றுக்கும் ஆல் பாஸ் என்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். மார்ச் 22 முதல் அந்த வகுப்புகளுக்கு மறுபடி விடுமுறை. பத்தாம் வகுப்பு என்று சொல்லிக்கொள்ள அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது இரண்டே மாதம். சான்றிதழில் மார்க் இல்லை, தேர்ச்சி என்று மட்டும் இருக்கும்.

அப்புறம் 2021 செப்டம்பர் 1. ஒன்பது முதல் பிளஸ் டூ வரை பள்ளிகள் திறந்தன. டிவியில் பார்த்திருப்பீங்க, வாசலில் தெர்மல் ஸ்கேனர், சானிடைசர், பெஞ்சுக்கு ரெண்டு பேர், ரோஜாப்பூ, சாக்லேட். நம்ம பிள்ளை இப்போ பிளஸ் ஒன். கணக்குப்படி ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு புது வகுப்பு, புது டெர்ம். வயசு பதினைந்து, பதினாறு. இந்த ஒன்றரை வருஷமும் வீட்டில் சும்மா இருந்திருக்குமா? மரவள்ளி பிடுங்க, காபி பறிக்க, மிளகுக்கு ஏணி போட ஆள் தேவை. கீழே கூலி வேலைக்குப் போனால் தினம் காசு. பொண்ணாக இருந்தால் "எத்தனை நாள் வெச்சிருக்கிறது" என்று ஒரு பேச்சு எழும். கொரோனாவால் அடுத்த பத்து வருஷத்தில் உலகம் முழுக்க கூடுதலாக ஒரு கோடி சிறுமிகள் குழந்தைத் திருமணத்தில் தள்ளப்படலாம் என்று 2021 மார்ச்சில் யுனிசெஃப் எச்சரித்தது. அது ஏதோ தூர தேசத்துக் கதை இல்லை.

சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்தால் இன்னும் கோபம் வரும். கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதிலிருந்து பதினான்கு வரைதான், எட்டாம் வகுப்போடு சரி. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-ல் வந்த திருத்தம் பதினான்கு வயதுக்குக் கீழே பொதுவாக வேலை கூடாது என்கிறது. பதினான்கு முதல் பதினெட்டு வரை ஆபத்தான தொழில்களில் மட்டும்தான் தடை. அதாவது ஒன்பதாம் வகுப்பு வாசலில் ஒரு சட்டம் கையை விடுது, அதே வாசலில் இன்னொரு சட்டம் வேலைக்குப் போகலாம் என்று கதவைத் திறந்து விடுது. கொரோனாவுக்குப் பிறகு வந்த நல்ல திட்டங்களும் இந்த வயசைத் தாண்டித்தான் போயின. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி ஒன்று முதல் எட்டு வரை. 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் ஆரம்ப வகுப்புகளுக்கு. நான் அந்தத் திட்டங்களைக் குறை சொல்லவில்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்கள் இல்லையென்றால் நிலைமை இன்னும் மோசம். ஆனால் பதினைந்து வயசுப் பிள்ளையை யாரும் இல்லம் தேடிப் போகவில்லை. அவங்களுக்குப் பாடத்தைக் குறைத்தார்கள், புத்தாக்கப் பயிற்சி வைத்தார்கள். ரெண்டுமே பள்ளிக்கு வந்து உட்கார்ந்தவங்களுக்கு.

வராதவங்க எத்தனை பேர்? ஆல் பாஸ் இருந்ததால் அது உடனே தெரியவில்லை. பெயர் பதிவேட்டில் ஏறிக்கிட்டே இருந்தது, எமிஸ் நம்பர் அடுத்த வகுப்புக்கு நகர்ந்துக்கிட்டே இருந்தது. தெரிந்த நாள் 2023 மார்ச் 13. பிளஸ் டூ பொதுத்தேர்வின் முதல் நாள், மொழிப்பாடம். பதிவு செய்த சுமார் எட்டரை லட்சம் பேரில் 50 ஆயிரத்துக்கும் மேல் வரவில்லை. தாய்மொழித் தேர்வுக்கே இத்தனை பேர் ஆப்சென்ட்டா என்று மீம் போட்டோம், டிவியில் தமிழ் அழியுதுன்னு விவாதம் வைத்தார்கள். அது எந்த பேட்ச் என்று கணக்குப் போட்டுப் பாருங்க. 2021-ல் பத்தாம் வகுப்பில் ஆல் பாஸ் ஆன பேட்ச். மேலே நாம் கற்பனை செய்த பிள்ளையின் பேட்ச். அதில் தேர்வு எழுதித் தேறி வந்தவங்க இப்போ நம்ம ஜூனியர்ஸ்.

அந்த 50 ஆயிரம் பேர் அன்னிக்குக் காலையில் திடீர்னு பயந்து ஓடலை. பல பேர் அதற்கு ரொம்ப முன்னாடியே பள்ளிக்கு வருவதை நிறுத்தியிருந்தவங்க. கொரோனாவும் ஒரு காரணம் என்று அரசுத் தரப்பே சொன்னது. அப்புறம் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மூலமாகத் தேடி, துணைத் தேர்வு எழுத வைக்க முயற்சி எடுத்தார்கள். நல்லதுதான். ஆனா 2021 செப்டம்பர் மாதம் 15-ம் தேதி செய்ய வேண்டிய வேலை அது. பதினெட்டு மாதம் லேட்.

இதில் ஒரு மறுப்பு வரும், நானே சொல்லிடறேன். "அப்போ அந்த நேரத்தில் தேர்வு வெச்சிருக்கணும்னு சொல்றியா?" இல்லை. தேர்வை ரத்து செய்தது சரி. டவரே இல்லாத ஊர்ப் பிள்ளையையும் பிராய்லர் ஸ்கூல் பிள்ளையையும் ஒரே வினாத்தாளில் உட்கார வைத்திருந்தால் அது அநியாயம். என் சண்டை பாஸோடு இல்லை, வருகைப் பதிவேட்டோடு. மார்க் போடாமல் மேலே அனுப்பலாம். ஆள் இருக்கானா என்று பார்க்காமல் அனுப்பக் கூடாது.

இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய விஷயமும்கூட. மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோன் என்று ஒரு நாடு. எபோலாவால் பள்ளிகள் மாதக்கணக்கில் மூடி, 2015 ஏப்ரலில் திறந்தன. இடைப்பட்ட காலத்தில் நிறையச் சிறுமிகள் கர்ப்பமாகியிருந்தார்கள். அரசு அவர்களைத் தேடிப் பிடிப்பதற்குப் பதில், கர்ப்பிணிகள் வகுப்புக்கு வரக்கூடாது என்று தடை போட்டது. அந்தத் தடை நீங்க 2020 மார்ச் வரை ஆனது. அதே மாதம் கொரோனாவுக்காக நாம் பள்ளிகளை மூடினோம். நீண்ட நாள் மூடிய பள்ளி திறக்கும்போது யார் காணாமல் போவார்கள் என்பதற்கு உலகத்தில் ஏற்கெனவே ஒரு பாடம் இருந்தது. நாம் எல்லாரும் படித்துக்கொண்டிருந்தது ஜூமில் எப்படி மியூட் செய்வது என்று.

ஒரு சின்ன விஷயம். இங்கிலீஷ் மீடியத்தில் படித்ததால் எனக்கு முதலில் வாயில் வருவது 'டிராப் அவுட்'. அரசு அறிக்கைகளில் 'இடைநிற்றல்' என்று போடுவார்கள். ரெண்டிலுமே பிள்ளை தானாக விழுந்த மாதிரி, தானாக நின்ற மாதிரி ஒரு தொனி இருக்கு. ஊரில் பேசும்போது "படிப்பை நிறுத்திட்டாங்க" என்பார்கள். அதில் குறைந்தபட்சம் யார் நிறுத்தினது என்று கேட்கவாவது இடம் இருக்கு.

ஏன் இது நமக்கு முக்கியம்? நம்ம கிளாஸில் 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் வந்தவங்க இருக்காங்க. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ல் பொறியியலுக்கும் அது வந்தது, கட்டணத்தையும் அரசே ஏத்துக்கிச்சு. நம்ம பேட்ச்தான் அதில் முதல் பேட்ச். அப்புறம் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் என்று மாதம் ஆயிரம் ரூபாய். எல்லாமே அருமையான கதவுகள். ஆனால் எல்லாக் கதவும் பிளஸ் டூவுக்கு மேலே இருக்கு. மலையிலிருந்து ஒரு பிள்ளை நம்ம லேபுக்கு வந்து சேர ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த நாலு வருஷத்தைத் தாண்டணும். ஓட்டை அங்கே இருக்கும்போது மேலே எத்தனை டேங்க் கட்டினாலும் குழாயில் தண்ணி வராது. இதை சிவில்காரங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கொரோனா முடிஞ்சுதே, இனி என்ன என்று கேட்கலாம். ஒவ்வொரு ஜூனிலும் பள்ளி திறக்குது. ஒவ்வொரு ஜூனிலும் கோடை லீவில் வேலைக்குப் போன சில பேர் திரும்புவதில்லை. மலையில் அது சின்ன அளவில் வருஷா வருஷம் நடக்கிறது. அதனால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரைக்கும் பள்ளி திறந்த பதினைந்தாம் நாள் வராதவர் பட்டியல் எடுத்து, வீடு வீடாகப் போவதை வழக்கமான வேலையாக ஆக்கணும். ஆசிரியர்கள் பல ஊர்களில் இதைச் சொந்தக் காசில் பெட்ரோல் போட்டுச் செய்தாங்க. அதை ஒருத்தரின் நல்ல மனசுக்கு விடாமல், வண்டிச் செலவும் ஆளும் கொடுத்துச் செய்யணும். ஜிடிஆர் பள்ளிகள் ஒரு துறை, மற்ற அரசுப் பள்ளிகள் இன்னொரு துறை. ஒரு பள்ளியிலிருந்து அடுத்த பள்ளிக்கு மாறும்போது பிள்ளை நடுவில் காணாமல் போனால் ரெண்டு பதிவேடும் சரியாகத்தான் இருக்கும். அந்த இடைவெளியைத்தான் முதலில் அடைக்கணும்.

நம்ம பங்கும் இருக்கு. என்எஸ்எஸ் ஏழு நாள் முகாமில் நாம் வழக்கமாக என்ன பண்றோம்? சுவருக்குப் பெயின்ட், மரக்கன்று, பேரணி, குரூப் போட்டோ. மலைக்குப் போய் டேப்லெட் கொடுத்துவிட்டு வரணும்னு சில பேருக்கு ஆசை. தயவுசெய்து வேண்டாம். அதற்குப் பதில் பள்ளியோ மேலாண்மைக் குழுவோ கொடுக்கும் பட்டியலோடு ஆசிரியர் கூட நடந்து போகலாம். பதினாறு வயசுப் பையனிடம் அவனைவிட நாலு வயசு பெரிய அண்ணனோ அக்காவோ உட்கார்ந்து பேசினால் அது அதிகாரி பேசுவது மாதிரி இருக்காது. சாதிச் சான்றிதழ், கவுன்சலிங் விண்ணப்பம், சாய்ஸ் ஃபில்லிங் எல்லாம் நமக்கு மனப்பாடம், அங்கே முதல் தலைமுறைக்கு அது பெரிய மலை.

முகாம் தேதியை நம்ம காலண்டரைப் பார்த்துப் போடுவதுதான் இப்போதைய வழக்கம். அதைப் பள்ளி திறக்கிற ஜூன் மாதத்துக்கு நகர்த்தணும். நாங்க ஃபைனல் இயர், அதற்குள் கிளம்பிடுவோம். யூனிட்டில் இருக்கிற ஜூனியர்ஸ் ஏப்ரலிலேயே திட்ட அலுவலரிடம் கேட்டு வைங்க, மே வந்தால் எல்லாரும் லீவில் போயிடுவாங்க.