எலும்பும் தோலும் எங்கே செல்கின்றன?

மாடோ ஆடோ வெட்டப்படும்போது அதன் உடல் எடையில் ஏறத்தாழப் பாதியே இறைச்சியாகக் கடைக்கு வருகிறது. எஞ்சிய தோல், எலும்பு, கொழுப்பு, குருதி, குளம்பு, குடல் ஆகியவை எங்கே செல்கின்றன என நாம் கேட்பதில்லை. அவை நம் இல்லங்களுக்கே வந்து சேர்கின்றன. நோய்க்கு விழுங்கும் கேப்சூலின் மேல்கூடு, தச்சர் காய்ச்சும் வச்சிரம், காலணி, இடைவார், வளர்ப்பு நாய்க்கு இடும் உலர்தீவனம் என அவை ஏற்கும் வேடங்கள் பல. புலால் மறுத்தோர் இல்லமும் இதற்கு விலக்கன்று.

இவற்றுள் எலும்பின் பயணமே பெரும் வியப்புக்குரியது. எலும்பை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்தால் அதிலுள்ள சுண்ணச்சத்துக் கரைந்துவிடும். மென்மையான புரதப்பகுதி எஞ்சும். அதனைப் பல நாள்கள் சுண்ணாம்பு நீரில் இட்டுக் கழுவி, வெந்நீரில் காய்ச்சினால் ஜெலட்டின் கிடைக்கிறது. குளிர்ந்தால் இறுகுவதும் வெம்மையில் இளகுவதும் அதன் இயல்பு. ஒளிப்படச் சுருளில் வெள்ளி உப்புகளைத் தாங்கி நின்றதும் இந்த ஜெலட்டினே. அக்காலத் திரைப்படங்கள் யாவும், பக்திப் படங்கள் உட்பட, விலங்கின் எலும்பிலும் தோலிலும் பிறந்த மெல்லிய படலத்தின் மீதே பதிவாயின!

மிருதங்கத்தின் நாதமும் அத்தகையதே. பலாமரக் குடத்தின் இருபுறமும் பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல்களே பேசுகின்றன. அத்தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, வார்பிடித்து இழுக்கும் கைவினைஞர் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்னும் நூலை 2020 இல் எழுதினார். மேடையில் இசைப்பவருக்குப் பொன்னாடை போர்த்தும் சமூகம், தோலைத் தொட்டவரை நெடுங்காலம் தொலைவில் நிறுத்தியது. பொருளை விரும்பி, அதனைச் செய்தவரை வெறுக்கும் இம்முரண்பாட்டைத் 'தூய்மை' எனக் கூறுவது பொருந்தாது.

எனவே, விலங்கின் எச்சங்களைப் பயன்படுத்துவதே இழிவு எனக் கூறுவோருடன் என்னால் உடன்பட இயலவில்லை. நாய்த்தீவனத்தில் ஈரலும் நுரையீரலும் சேர்வதைக் 'கழிவை ஊட்டுகிறார்கள்' எனச் சிலர் பழிக்கின்றனர். ஈரலையும் குடலையும் சுவரொட்டியையும் விரும்பிச் சமைக்கும் நாட்டில் இப்பழி வேடிக்கையானது. பூனைக்கு இன்றியமையாத டாரின் என்னும் சத்து இறைச்சியில் இயல்பாக உண்டு. தாவர உணவிலோ அநேகமாக இல்லை. உயிரைக் கொன்றபின் அதன் பாதியை மண்ணில் எறிவது கொலையினும் சிறிய குற்றமாகுமா?

ஆனால், பயன்படுத்துவது வேறு, மறைப்பது வேறு. பிரிட்டனில் இறைச்சிக்கூடக் கழிவுகளை வேகவைத்து, உலர்த்தி, அரைத்த இறைச்சி எலும்புத்தூளைப் பசுக்களுக்கே தீவனமாக இட்டனர். புல்லுண்ணும் விலங்கு தன் இனத்தையே உண்டது. பல உழவர்கள் தாம் வாங்கிய மூட்டையில் இருப்பது இன்னது என அறிந்திருக்கவில்லை. 1986 இல் கண்டறியப்பட்ட பித்துப்பசு நோய் 1,80,000 க்கும் மேற்பட்ட மாடுகளைத் தாக்கியது. 1990 இல் ஒரு சயாமியப் பூனையும் அவ்வகை மூளைநோயால் மடிந்தது. ஐயம் பூனைத்தீவனத்தின் மீது விழுந்தது. அந்நோய் மனிதருக்கும் பரவியிருக்கக்கூடும் என அரசு 1996 இல்தான் ஒப்புக்கொண்டது. பசுவும் பூனையும் மூட்டையைப் படிக்க மாட்டா. அவற்றுக்காகப் படிக்க வேண்டியவரிடமும் செய்தி சேரவில்லை.

நம் நாட்டில் உணவுப் பொட்டலங்களில் பச்சை வட்டமும் பழுப்பு முக்கோணமும் உண்டு. எனினும், நொறுக்குத்தீனி உறையில் காணும் 631 என்னும் எண் சுவையூட்டி ஒன்றைக் குறிக்கும். அது இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும் எடுக்கப்படலாம். மாவுச்சத்தை நொதிக்கவைத்தும் பெறப்படலாம். எண் ஒன்றுதான், பிறப்பு வேறு. தில்லி உயர்நீதிமன்றம் 2021 டிசம்பரில், உட்பொருளின் அளவு எவ்வளவு சிறிதாயினும் அது தாவரத்திலிருந்து வந்ததா, விலங்கிலிருந்து வந்ததா என வெளிப்படுத்த வேண்டும் என்றது. உண்பதை அறிவது ஒவ்வொருவரின் உரிமை என்பதே அதன் அடிப்படை.

மருந்துக்கும் இவ்விதி வேண்டும் என்பேன். பழுப்புக் குறியைக் கண்டால் நோயாளி மருந்தையே மறுத்துவிடுவார் என்பது எதிர்வாதம். அவ்வச்சத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. உயிர் காக்கும் மருந்தைச் சமய அச்சத்தால் கைவிடுவோர் இருக்கலாம். ஆயினும், வரலாறு மக்களை அவ்வளவு குறைவாக மதிப்பிடவில்லை. 1922 முதல் அறுபது ஆண்டுகள் இன்சுலின் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்தே எடுக்கப்பட்டது. 1982 இல் நுண்ணுயிரிகளைக் கொண்டு செய்த இன்சுலின் வரும்வரை, எல்லாச் சமயத்தாரும் அதனை ஏற்று உயிர் வாழ்ந்தனர். மருத்துவர் எடுத்துரைத்தால் நோயாளி முடிவெடுப்பார். தாவர நாரிலிருந்து செய்த கேப்சூல் கூடுகளும் இன்று கிடைக்கின்றன. விலை சற்றுக் கூடுதல். வேண்டுவோர் கேட்டுப் பெறுவதற்கேனும் அட்டையில் ஒரு குறி வேண்டாமா?

அக்குறியும் போதாது. உணவு உறையின் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்பதே இன்றைய விதி, தமிழ் விருப்பத்திற்குரியது. சிற்றூர்க் கடையில் பேரனுக்குத் தின்பண்டம் வாங்கும் மூதாட்டிக்கு 631 என்பது வெறும் எண். 'இறைச்சியிலிருந்து எடுக்கப்பட்டது' என்னும் இரு தமிழ்ச் சொற்களுக்கு அவ்வுறையில் இடமில்லாமல் போய்விடவில்லை.