சுண்டைக்காய் கால் பணம், பெட்ரோல் முக்கால் பணம்

எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் ஆம்னி வேன் 2009-ஆம் ஆண்டு மாடல். வங்கியில் இருந்தபோது குடும்பத்தோடு போய்வர வாங்கியது. 2018-இல் ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததும் பின் இருக்கையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காய்கறிக் கூடைகளை ஏற்ற ஆரம்பித்தேன். அதன் பிறகு அதுதான் என் மாட்டு வண்டி.

மணப்பாறைக்குப் பக்கத்தில் நாலு ஏக்கர், ஒரு கிணறு. கத்தரி, வெண்டை, சுரை, நாட்டுத் தக்காளி, நாலைந்து வகைக் கீரை. புதனும் ஞாயிறும் திருச்சிக்குக் கொண்டு போகிறேன். போகவர 90 கிலோமீட்டர், நகருக்குள் வீடு வீடாகக் கொடுக்க இன்னொரு 20. ஒரு நடைக்கு ஏற்றுவது சராசரி 120 கிலோ.

போன வருஷம் தீபாவளி கழிந்து ஒரு நாள் என் மனைவி கேட்டாள். "ஏங்க, பூச்சி மருந்து வாங்கல, உரம் வாங்கல, வெதையும் நம்ம வெதை. அப்புறம் காசு எங்கதான் போகுது?"

பதில் சொல்ல முடியவில்லை. 36 வருஷம் அடுத்தவன் கணக்கைத் தணிக்கை செய்தவன் நான். உழவர்கள் கடன் கேட்டு வந்தால் நடவுக்கு எவ்வளவு, களைக்கு எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்பேன். "சந்தைக்குக் கொண்டு போக என்ன செலவு?" என்று ஒருத்தரிடமும் கேட்ட ஞாபகம் இல்லை. இப்போது என் கணக்கிலும் அந்த வரி இல்லை. பங்கில் நின்று "ஐந்நூறுக்குப் போடுப்பா" என்பதோடு சரி. முள் கீழே இறங்கினால் மறுபடி ஐந்நூறு. இப்படிப் போடுகிறவனுக்கு வண்டி என்ன மைலேஜ் கொடுக்கிறது என்று எந்தக் காலத்திலும் தெரியாது.

அன்றைக்கே ஒரு நோட்டுப் போட்டேன். டேங்கை நிரப்பு, குழாய் தானாக நிற்கும்போது நிறுத்து, கிலோமீட்டரைக் குறி. ஓட்டு. அடுத்த முறை அதே பங்கில் அதே மாதிரி நிரப்பி, போன லிட்டரால் ஓடிய கிலோமீட்டரை வகுத்துவிடு. ஒரு தடவை பார்த்தால் போதாது, மூன்று தடவையாவது பார்க்க வேண்டும். வண்டி காட்டும் கிலோமீட்டர் சரிதானா என்று சாலையோரக் கல்லை வைத்தும் ஒரு நாள் சோதித்தேன்.

கிடைத்த விடை 10.5. புதிதில் லிட்டருக்கு 15 கொடுத்த வண்டி. ஒரு நடைக்கு ஏறத்தாழ பத்தரை லிட்டர், லிட்டர் 101 ரூபாய் வீதம் 1,058 ரூபாய். 120 கிலோவுக்குப் பிரித்தால் ஒரு கிலோ கத்தரிக்காயின் தலையில் 8 ரூபாய் 80 காசு பெட்ரோல் மட்டும். நஞ்சில்லாக் காய் என்று நாலு காசு கூட்டி விற்பதில் பெரும்பகுதியை வேனே குடித்துக்கொண்டிருந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று அப்பா சொல்லிக் கேட்டதுதான்.

விசாரித்தால் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "எல்லாம் எத்தனால் பண்ற வேலை சார்." பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலக்க 2030 என்று வைத்திருந்த கெடுவை 2025-க்கு முன்னே இழுத்தார்கள், கலந்தும் விட்டார்கள். எனக்கும் அதில் கோபம் உண்டு. கலப்பு பழைய வண்டிக்கு ஒத்துவருமா என்று நம்மைக் கேட்கவில்லை. ஆற்றல் குறைந்த எரிபொருளுக்கு விலையாவது குறைந்ததா என்றால் அதுவும் இல்லை. கரும்பும் அரிசியும் மக்காச்சோளமும் டேங்குக்குப் போகின்றன. பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்து மானாவாரி நிலமெல்லாம் மக்காச்சோளமாகி, 2018-இல் படைப்புழு வந்து எத்தனை மருந்து அடிக்க வைத்தது என்று நமக்குத் தெரியும். அந்தச் சோளம் இன்னும் வேண்டும் இன்னும் வேண்டும் என்றால் என்ன ஆகும்? அதைத் தனியாகவே எழுத வேண்டும்.

ஆனால் கோபத்தையும் கணக்கையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் உண்டு. ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் இழப்பு ஆறு, ஏழு சதவீதம். நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையும் பழைய வடிவமைப்புக் கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம் என்றுதான் சொல்லியிருக்கிறது. என் வண்டி இழந்ததோ 30 சதவீதம். மீதியை யார் தின்றது?

நகரத்தில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். எதையும் கழற்றிப் பார்க்காமலே டேங்கில் ஊற்ற ஒரு புட்டி மருந்து கொடுத்தார்கள், 450 ரூபாய். அதில் சரியாகாவிட்டால் இன்ஜின் வேலை, 35,000 ரூபாய் ஆகும் என்றார்கள். புட்டியை ஊற்றி மூன்று டேங்க் ஓட்டினேன். 10.5 அப்படியே இருந்தது. இலை மஞ்சளாக இருக்கிறது என்று உரக்கடையில் போய்ச் சொன்னால் மண்ணைப் பார்க்காமலே ஒரு டப்பாவை எடுத்து நீட்டுவார்களே, அதே வைத்தியம்.

மகன் புது வேன் வாங்கச் சொன்னான். ஐந்து லட்சம் கடன், ஐந்து வருஷம், பத்து சதவீத வட்டி என்றால் மாதத் தவணை 10,600 ரூபாய்க்கு மேல். புது வண்டி 19 கொடுக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும் என் ஓட்டத்துக்கு மாதம் மிச்சமாவது 4,100 ரூபாய். மிச்சம் பிடிக்க நாலாயிரம், தவணைக்குப் பத்தாயிரம். நானே அதிகாரி நாற்காலியில் இருந்திருந்தால் இந்த விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

கடைசியில் மணப்பாறையில் பழைய மெக்கானிக் ஒருவரிடம் போனேன். ஊரே அவரைப் பாய் என்றுதான் கூப்பிடும். பானெட்டைத் திற, சீட்டைத் தூக்கு என்றெல்லாம் அவர் ஆரம்பிக்கவில்லை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு ஒரு கையால் தள்ளினார். நகரவில்லை. இரண்டு கையால் தள்ளியதும் நகர்ந்து உடனே நின்றது.

"சார், எவ்ளோ தூரம் ஓட்டிட்டு வந்தீங்க?"

"பன்னெண்டு கிலோமீட்டர் இருக்கும், பாய்."

"பின் சக்கரத்தத் தொட்டுப் பாருங்க."

இடது பின்சக்கரம் சுட்டது. ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடித்து இறுகி, விட்ட பிறகும் பிரேக்கைப் பாதி பிடித்தபடியே வைத்திருந்தது. எத்தனை மாதமாகவோ ஒரு காலால் பிரேக்கை மிதித்தபடி ஓட்டியதற்குச் சமம்.

பாயிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், ஒவ்வொன்றாகச் செய்வோம், எது எவ்வளவு தருகிறது என்று நான் எழுத வேண்டும். அவர் சிரித்தார், ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

முதலில் காசே ஆகாத வேலைகள். டயரில் காற்று, கதவோரச் சீட்டில் போட்டிருந்ததைவிடப் பத்துப் பாயிண்ட் குறைவு. நிரப்பினேன். மேலே இருந்த இரும்புக் கேரியரைக் கழற்றினேன். அதில் கூடை வைத்து ஒரு வருஷம் ஆகிறது, காற்றைக் கிழிக்கத்தான் உதவியது. உள்ளே தேவையில்லாமல் கிடந்த மண்வெட்டி, பைப் துண்டு, தார்ப்பாய், தண்ணீர் கேன் எல்லாம் அறுபது கிலோவாவது இருக்கும். அடுத்த டேங்க் 11.4. பிறகு கேபிளும் பிரேக் ஷூவும் மாற்றி டிரம்மைச் சுத்தம் செய்ததும் 12.6.

மூன்றாவது விஷயத்தைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம். இரண்டு கோடைக்கு முன்னால் வண்டி சூடேறி நின்றபோது ரோட்டோரம் ஒருவர் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டார். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது, பத்துப் பேரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். அந்தச் சின்ன வால்வு என்ன செய்கிறது என்றால், இன்ஜின் தண்ணீர் 80 டிகிரிக்கு மேல் சூடாகும் வரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கிறது. அதை எடுத்துவிட்டால் தண்ணீர் எந்நேரமும் சுற்றுகிறது, சாலையில் போகப் போக இன்ஜின் ஆறிக்கொண்டே இருக்கிறது. பெட்ரோலை அளந்து தெளிக்கும் கம்ப்யூட்டர் பெட்டியோ இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது, கூடுதலாக ஊற்று என்று முடிவு செய்கிறது. திருச்சி வெயிலில் ஓடும் வண்டிக்கு மார்கழிக் காலைப் பெட்ரோல். உண்மையில் அன்றைக்குச் சூடேறியதற்குக் காரணம் வால்வே இல்லை, ரேடியேட்டரில் அடைத்திருந்த சேறு. நோயை விட்டுவிட்டு உறுப்பை வெட்டியிருக்கிறோம். வயலில் இப்படிச் செய்கிறவர்களைப் பார்த்து நான் எவ்வளவு பேசியிருப்பேன்!

ரேடியேட்டரைக் கழுவி, வால்வு மாட்டி, பிளக் மூன்றையும் ஏர் ஃபில்டரையும் மாற்றினோம். 13.5. பெட்ரோல் போகும் ரப்பர்க் குழாய்களில் வெடிப்பு இருந்தது. எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கக்கூடியது, இந்த வண்டியில் இன்ஜின் இருப்பதோ நாம் உட்காரும் சீட்டுக்கு அடியில். மைலேஜுக்காக இல்லாவிட்டாலும் உயிருக்காக அதை மாற்றுங்கள். பழைய வேன் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இந்த மாதமே குனிந்து பார்க்க வேண்டிய இடம் அது.

மிச்சமிருந்தது என் வலது கால். திருச்சி–திண்டுக்கல் நாற்கரச் சாலையில் எண்பதில் போய்க்கொண்டிருந்தேன். பெட்டி மாதிரி இருக்கும் வண்டி, அறுபதில் போவதைவிட எண்பதில் காற்றின் எதிர்ப்பு ஒன்றே முக்கால் மடங்கு. அறுபதுக்கு இறக்கினேன். பத்துப் பன்னிரண்டு நிமிஷம் தாமதம். 13.9.

மொத்தச் செலவு 5,890 ரூபாய். மூன்று மாதத்துக்குள் திரும்பி வந்துவிட்டது. 15-க்கு இன்னும் ஏழு சதவீதம் குறைகிறது. அதை எத்தனால் கணக்கிலும் வண்டியின் வயசுக் கணக்கிலும் பாதிப் பாதி எழுதிக்கொள்கிறேன்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் இது வேன் வைத்திருப்பவர்களுக்கான குறிப்பு, அவ்வளவுதான். ஆனால் நோட்டில் இன்னொரு எண் உறுத்திக்கொண்டே இருந்தது. இவ்வளவு செய்தும் கிலோவுக்குப் பெட்ரோல் 6 ரூபாய் 65 காசு. ஏன்? வண்டி பாதி காலி.

ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு நாங்கள் டீ குடிக்கும் கடை வாசலில் மூன்று வேன் நிற்கும். மூன்றும் நம் அமைப்புக்காரர்களுடையவை, மூன்றும் திருச்சிக்கு, மூன்றிலும் நூறு கிலோ சொச்சம். நலம் விசாரித்து, டீக்குக் காசு கொடுக்கச் சண்டை போட்டு, ஒருவர் பின் ஒருவராக அதே சாலையில் போவோம். விதையைப் பகிர்கிறோம், பஞ்சகவ்யத்தைப் பகிர்கிறோம். வண்டியைப் பகிர மட்டும் மனம் வரவில்லை. என் விஷயத்தில் அது வீம்புதான். பழைய வங்கி வாடிக்கையாளர் வீட்டு வாசலில் நானே கீரைக்கட்டோடு போய் நிற்பதில் ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகத்துக்காக நகரின் இன்னொரு மூலைக்கு மூன்று வீட்டுக்காக எட்டுக் கிலோமீட்டர் சுற்றிக்கொண்டிருந்தேன்.

கூட்டு என்றதும் என்ன வில்லங்கம் வரும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். கூட்டுப் பொறுப்புக் குழுக் கடன்கள் எத்தனையோ கொடுத்து, அவற்றில் சில முறிந்ததையும் கண்ணால் பார்த்தவன். முறிந்தது பெரும்பாலும் பெரிய தொகையால் இல்லை, எழுதி வைக்காத சின்னத் தொகையால். அதனால் முதலிலேயே எழுதினோம். வண்டி என்னுடையது என்றால் கிலோவுக்கு 4 ரூபாய் எனக்கு வாடகை. பெட்ரோலும் பஞ்சரும் என் பாடு. ஏற்றும்போதே எடை, ரசீது. விற்காத காய் அவரவருடையது. கீரை எப்போதும் மேலே.

பொங்கலிலிருந்து இப்படி ஓடுகிறது. ஒரு நடைக்கு 300 கிலோ. பாரம் கூடியதால் மைலேஜ் 13-க்கு இறங்கிவிட்டது, நகருக்குள் சுற்றும் தூரமும் பத்துக் கிலோமீட்டர் கூடியது. இருந்தும் கிலோவுக்குப் பெட்ரோல் 3 ரூபாய் 10 காசு. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இதை நஷ்டம் என்று எழுதியிருப்பேன்.

எல்லாம் சுமுகம் என்று சொல்லமாட்டேன். அந்தத் தூரத்து மூன்று வீடுகளைப் பொதுவான ஓரிடத்துக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னோம். ஒருவர் வந்தார், இருவர் நின்றுவிட்டார்கள். அதில் ஒரு அம்மா என்னிடம் இருபது வருஷம் கணக்கு வைத்திருந்தவர், எனக்கு வருத்தம்தான். மூன்றாவது வேன்காரர் ஒரு மாதம் சேர்ந்து வந்தார். அவர் வெண்டைக்காய் நசுங்கிவிட்டது என்று மனஸ்தாபம், இப்போது மறுபடி தனியாகத்தான் போகிறார். நோட்டில் கணக்கு எழுதும் முறையை மட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவருக்குப் பதிலாகப் பக்கத்து ஊரில் இருந்து இன்னொருவர் சேர்ந்திருக்கிறார். நல்ல விளைச்சல் அவருக்கு. அடுத்த வாரம் இன்னும் நாலு கூடை கத்தரி ஏற்ற வேண்டும், கழற்றிய கேரியரை மறுபடி மாட்டலாமா என்று கேட்கிறார். கூடையைக் கால் வைக்கிற இடத்தில் அடுக்கிக்கொள்ளலாம், கேரியர் மட்டும் வேண்டாம் என்றிருக்கிறேன்.