வெயில் ஓசி பாஸ்!

நாற்பதாயிரம் ரூபாய் ஃப்ரன்ட் லோடு வாஷிங்மெஷின்ல எதுக்குக் காசு தர்றோம்? தண்ணியைச் சூடாக்குற ஹீட்டருக்கும், நிமிஷத்துக்கு 1,200 சுத்துக்கு மேல சுத்திப் பிழியுற மோட்டாருக்கும்தான் பாஸ். எங்க செஞ்சியில அந்த ரெண்டு வேலையையும் சூரியன் ஓசியில செய்யுது! ராஜகிரிப் பாறையே கொதிக்கிற மே மாசம், மொட்டை மாடியில போட்ட ஜீன்ஸ் மதியத்துக்குள்ள மொறுமொறு.

போர் தண்ணி உப்பா இருந்தா, ஹீட்டர்ல சுண்ணாம்பு படியும். தண்ணியைக் கம்மியா குடிக்கும்கிறது நிஜம். லாரித் தண்ணி வாங்குற சென்னை ஃப்ளாட்டுக்கும், வெயிலுக்கு ஏங்குற ஊட்டிக்கும் சரி. நமக்குப் பத்தாயிரத்து செமி ஆட்டோமேட்டிக் போதும். குழாய்ல பிரஷர் இல்லையா, பக்கெட்டால ஊத்திக்கலாம். துணியை மட்டும் கையால டிரையருக்கு மாத்தணும். (அதை அம்மா தலையில கட்டாதீங்க!)

அப்பா இ.எம்.ஐ. ஃபாரத்துல கையெழுத்துப் போடறதுக்குள்ள சொல்லிடுங்க. மிச்சமாகுற முப்பதாயிரத்துல ஒரு செமஸ்டர் ஃபீஸே இருக்கு.