வண்டியைத் தூக்கும் முன் அளந்து பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய வண்டி வைத்திருப்பவர்கள், வீட்டில் இளவட்டங்கள் இருப்பவர்கள் பொறுமையாகப் படிக்கவும்.

கொல்லிமலையில் என் தம்பிக்குக் கொஞ்சம் மிளகும் காபியும் இருக்கிறது. தம்பி மகன் 2012 மாடல் பொலிரோ ஒன்று வைத்திருக்கிறான். தோட்டத்துக்குப் போகும் மண்பாதையில் வண்டியின் அடிப்பக்கம் பாறையில் இடிக்கிறது. போன மாதம் போன் செய்தான்.

"பெரியப்பா, வண்டியத் தூக்கி, பெரிய டயராப் போட்டுறலாம்னு இருக்கறனுங்க. தூக்கறதுக்கு மட்டும் பட்டறைல இருபதாயிரம் கேக்கறாங்க. நீங்க பாதி குடுத்தீங்கன்னா..."

பணம் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அந்த வண்டியில் அவன் மட்டும் போவதில்லை. ராத்திரியில் பிரசவ வலி, பாம்புக்கடி என்றால் அக்கம்பக்கத்துக்கு அதுதான் ஆம்புலன்ஸ். காரவள்ளி வழியாக மலை இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள். அதனால் ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு நேரிலேயே போனேன். நான் மெக்கானிக் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து, ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லியே ஓய்வு பெற்றவன். இதற்கு அந்தக் கணக்கே போதும்.

முதலில் டயர். வண்டியில் இருப்பது 215/75 ஆர் 15. அதாவது அகலம் 215 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 75 சதவீதம், உள்ளே 15 அங்குல வட்டு. கூட்டிப் பார்த்தால் மொத்த உயரம் 703.5 மி.மீ. அவன் ஆசைப்பட்டது 235/75 ஆர் 15. அதன் உயரம் 733.5 மி.மீ. வித்தியாசம் 30. அதில் பாதி அச்சுக்கு மேலே போய்விடும். ஆக, வண்டி உயர்வது வெறும் 15 மி.மீ. நாலு டயருக்கான செலவை இந்த ஒன்றரை சென்டிமீட்டருக்கு எதிரே எழுதிக் காட்டினேன். பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இன்னொன்று. டயர் 4 சதவீதம் பெரிதானால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். முள் 60 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 62.5-இல் போகும். ஏற்றத்தில் இழுவையும் அந்த அளவுக்குக் குறையும்.

அடுத்து, தூக்குவது. பின்பக்க அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக்கட்டை வைப்பது, ஷாக்கிளை நீளமாக வெல்டிங் செய்து மாட்டுவது, முன்பக்கக் காயிலுக்கு மேல் ஸ்பேசர் வைப்பது. பட்டறைக்காரர் சொன்ன மலிவு வழி இதுதான். இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. இதனால் எல்லாம் பாடிதான் உயரும். பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் ஒரு மயிரிழைகூட உயராது. அதை உயர்த்த டயரால் மட்டுமே முடியும்.

பாடி உயர்ந்தால் பாரமும் மேலே போகும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடப்பதற்கும் தலையில் வைத்து நடப்பதற்கும் உள்ள வித்தியாசம் நம் அம்மாக்களுக்குத் தெரியும். கொண்டை ஊசி வளைவில் ஒன்பது பேரோடு திரும்பும்போது வண்டிக்கும் தெரியும். பிரேக் ஹோஸ் இழுபடும், ஷாக் அப்சார்பர் நீளம் பத்தாது, புரொப்பல்லர் ஷாஃப்ட் சாய்ந்து கிராஸ் சீக்கிரம் தேயும். மலிவு வேலையில் இதையெல்லாம் யாரும் மாற்றித் தருவதில்லை.

பிறகு வண்டிக்கு அடியில் பார்த்தேன். உரசல் தழும்பு இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று சைலன்சர் குழாயில், இன்னொன்று டிஃபரன்ஷியலில். பக்கத்துத் தோட்டத்தில் அதே மாடலில் புதிய வண்டி ஒன்று நின்றது. சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டையும் அளந்தோம். நம் வண்டி பின்பக்கம் 4 செ.மீ., முன்பக்கம் 2 செ.மீ. தாழ்ந்திருந்தது. இத்தனை வருடச் சுமையில் பட்டைகள் வளைவு இழந்து படுத்துவிட்டன. ஒரு பட்டை உடைந்தே இருந்தது. வண்டிக்கு உயரம் பத்தாமல் இல்லை, இருந்த உயரம் போய்விட்டது.

லாரி ஊரான நாமக்கல்லில் பட்டை வேலைக்கு என்ன பஞ்சம்! என் பழைய மாணவர் ஒருவரின் பட்டறையில் விட்டோம். உடைந்த பட்டையை மாற்றி மற்றவற்றுக்கு வளைவு ஏற்றி, புஷ்கள், நாலு ஷாக் அப்சார்பர், முன்பக்கக் காயில் எல்லாம் புதிதாகப் போட்டு, அலைன்மென்ட்டும் பார்த்து, ஆன செலவு 19,000 ரூபாய். பின்பக்கம் மூன்றரை செ.மீ. திரும்ப வந்தது. சைலன்சர் இப்போது இடிப்பதில்லை. டயர் தேய்ந்ததும் அதே அளவில் ஆழமான பூ உள்ளதாகப் போட்டுக்கொள்வதாகப் பேச்சு.

டிஃபரன்ஷியல் இடிக்கிறதே என்கிறீர்களா? இடிக்கிற இடம் எது என்று பாதையில் நடந்து பார்த்தோம். இரண்டே பாறை. கடப்பாரையும் இரண்டு ஆளும் அரை நாளும் போதுமாக இருந்தது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்களும் முதலில் இதைத்தான் நோண்டுவார்கள்.

வண்டியைத் தூக்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆற்றிலும் காட்டிலும் ஓட்டுகிறவர்களுக்குத் தேவை இருக்கலாம். அவர்கள் அனுமதி வாங்கி, நீளமான ஷாக் அப்சார்பர், பிரேக் ஹோஸ் எல்லாம் சேர்ந்த முழு செட்டாகப் போடட்டும். பணம் பத்தாவிட்டால் பொறுக்கட்டும். டயர் செகண்ட் ஹேண்டில் வாங்கினால் பக்கச்சுவரில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. சீட் கவரில் மிச்சம் பிடியுங்கள், பாட்டுப் பெட்டியில் மிச்சம் பிடியுங்கள். பிரேக்கிலும் ஸ்டீயரிங்கிலும் வேண்டாம்.

பையனுக்கு இன்னும் கொஞ்சம் மனக்குறைதான். "பார்க்க கெத்தா இருந்திருக்குமுங்க பெரியப்பா" என்கிறான். இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு, நிறைமாதப் பெண் ஒருத்தியை ஏற்றிக்கொண்டு அந்த வளைவுகளில் இறங்கியது அதே வண்டிதான். தாயும் பிள்ளையும் நலம்.

உங்கள் அனுபவம் வேறாக இருந்தால் எழுதுங்கள். தெரிந்துகொள்கிறேன்.